மலிவு டீசலா, மின்சாரக் காரா? நம்ம ஊருக்கு எது பொருந்தும்?

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



டிப்ளமோ படிக்கிறவனை ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. மிக்சி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள், மோட்டார் இழுக்கவில்லை என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள். இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். டீசல் எடுக்கலாமா, கரண்ட்டு வண்டி எடுக்கலாமா?" துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணனும் கேட்கிறார், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தாவும் கேட்கிறார். "அது அவங்கவங்க வசதியைப் பொறுத்ததுங்க" என்று மழுப்பிவிட்டு நகர்ந்தால் மூன்று வருடம் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? கணக்குப் போட்டு ஒரு பதில் சொல்ல வேண்டாமா? அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் தினமும் ஓட்டுவதற்கு டீசல் கார் ஏற்றதல்ல. "என்னப்பா, தமிழ்நாட்டுக்காரங்களே எல்லை தாண்டி வந்து நம்ம ஊர்ல டீசல் அடிச்சுக்கிட்டுப் போறாங்க, நீ இப்படிச் சொல்றியே!" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்த மலிவுதான் நம் கண்ணை மறைக்கிறது என்பது என் கட்சி.

மலிவு என்னும் மாயை

புதுச்சேரி அரசின் வரி குறைவு என்பதால் நம்ம பங்க்குகளில் டீசல் விலை நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை விடக் குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் டீசல் கார் வாங்குகிறவன் டீசலை மட்டுமா வாங்குகிறான்? அந்த எஞ்சினையும் சேர்த்தல்லவா வாங்குகிறான்!

பழைய டீசல் எஞ்சின் முரட்டு ஆசாமி. எப்படி ஓட்டினாலும் தாங்கும். ஆனால் 1.4.2020 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்துவிட்டது. 4-லிருந்து 5-ஐத் தாண்டி நேராக 6-க்குக் குதித்தோம். டீசலில் உள்ள கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 பி.பி.எம்.முக்கு இறங்கியது. அதோடு புகைக்குழாயில் ஒரு வடிகட்டியும் வந்து உட்கார்ந்தது. டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டி.பி.எஃப். கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் வேலை. பிடித்ததை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 550, 600 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு வருவதற்கு வண்டி ஒரே வேகத்தில் நல்ல ரோட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும்.

இப்போது நம்ம ஊரைப் பாருங்கள். காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். திருநள்ளாறு 5 கிலோமீட்டர். நாகப்பட்டினம் சுமார் 20 கிலோமீட்டர். பாரதியார் சாலையில் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் வழிவிட்டு ஊர்ந்தால், வண்டி சூடாவதற்குள் வீடு வந்துவிடும்! வடிகட்டி பாதி எரிந்த நிலையிலேயே எஞ்சினை அணைத்து விடுகிறோம். தினமும் இப்படியே நடந்தால் கரி சேர்கிறது. எரிக்கும் முயற்சியில் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. கடைசியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது, ஒர்க்‌ஷாப் பில் வரும். லிட்டருக்கு மிச்சம் பிடித்த சில ரூபாய் அந்த ஒரே பில்லில் போய்விடும்.

கம்பெனிகளும் இதை உணராமல் இல்லை. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா என்று பல கம்பெனிக் கார்களிலும் ஓடிய அந்த ஃபியட் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நினைவிருக்கிறதா? 'தேசிய எஞ்சின்' என்றே கேலியாகச் சொல்லும் அளவுக்கு எங்கும் இருந்தது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் காரையே கைவிட்டது. சின்ன டீசல் எஞ்சினுக்கு இத்தனை வடிகட்டியும் மாட்டி விற்றால் விலை கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். சோதனையில் சுத்தமாகவும் ரோட்டில் அழுக்காகவும் ஓடும்படி கம்ப்யூட்டரில் தந்திரம் செய்து ஃபோக்ஸ்வேகன் 2015-ல் மாட்டிக்கொண்ட கதையும் நாம் அறிந்ததே. டீசலைச் சுத்தமாக எரிப்பது அவ்வளவு செலவு பிடித்த வேலை!

கரும்பலகைக் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீசல் லிட்டர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. கிலோமீட்டருக்கு 5 ரூபாய்.

மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று குறைத்தே வைப்போம். யூனிட் 8 ரூபாய் என்று கூட்டியே வைப்போம். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 33 காசு.

தினம் 30 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள். மொத்தம் 9,000 கிலோமீட்டர். டீசலுக்கு 45,000 ரூபாய். கரண்ட்டுக்கு 12,000 ரூபாய். வருடத்துக்கு மிச்சம் 33,000. ஆயில் மாற்றுவது, ஃபில்டர், கிளட்ச் இவற்றின் மிச்சம் தனி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தி கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த 10 யூனிட்டில் டீசல் வண்டி ஓடுவது 17 கிலோமீட்டர். மின்சார வண்டி ஓடுவது 60 கிலோமீட்டர். நம்ம தெர்மல் வாத்தியார் சொல்லும் வெப்ப நஷ்டம் எல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போய்க்கொண்டிருக்கிறது!

ஆனால் கட்சி கட்டிப் பேசுகிறவன் ஒரு பக்கக் கணக்கை மட்டும் காட்டக் கூடாது. மின்சாரக் காரின் விலை அதிகம். டாடா நெக்ஸான் காரில் டீசலும் உண்டு, 2020-லிருந்து மின்சாரமும் உண்டு. ஒரே உடம்பு, இரண்டு இதயம்! இப்படி ஒரே மாதிரி இரண்டு கார்களுக்கு நடுவே 2 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால், மேலே சொன்ன மிச்சத்தில் அதை ஈடுகட்ட 6 வருடம் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாகக் கம்பெனிகள் கொடுக்கும் உத்தரவாதம் 8 வருடம். ஆக, கணக்கு தேறுகிறது. ஆனால் ஏராளமாகத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறி, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்ன டீசல் காருக்கு வரி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பு இருந்த அதே 5 சதவீதம். இரண்டுக்கும் இருந்த இடைவெளி குறைந்ததையும் மறைக்கக் கூடாது. மாதம் 300 கிலோமீட்டர் கூட ஓடாமல் ஷெட்டில் தூங்கும் வண்டிக்குச் சின்ன பெட்ரோல் காரே போதும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை!

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

"மின்சாரக் கார் புகையே விடாது" என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். அதன் புகை வேறு ஊரில் போகிறது என்று நம்ம எலெக்ட்ரிகல் நண்பர்கள் உடனே பதில் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மை.

திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-லிருந்து இருக்கிறது. நம்ம டெல்டாவின் மண்ணுக்கடியில் கிடைக்கும் எரிவாயுவில் ஓடுவதற்காகக் கட்டியது. அது போதாமல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி மின்சாரமும், மற்ற மத்திய மின்நிலையங்களின் மின்சாரமும் வருகிறது. நாட்டின் சராசரியை எடுத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வழியில் வரும் நஷ்டத்தையும் கூட்டினால், மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ. அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 158 கிராம். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். பேட்டரி செய்யும்போதே வெளியான கார்பனைக் கழித்தால் அதுவும் சுருங்கும்.

அப்படியானால் என்னதான் லாபம்? இரண்டு லாபம். ஒன்று, புகை பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மூக்கருகே வருவதில்லை. இரண்டாவதுதான் முக்கியம். டீசல் வண்டி பழசாகப் பழசாக அழுக்காகும். மின்சார வண்டியோ, கரண்ட் சுத்தமாகச் சுத்தமாகத் தானும் சுத்தமாகும். மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு போட்டால் நாளுக்குச் சுமார் 4 யூனிட் வரும். 24 கிலோமீட்டர்! நம்ம ஊரில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒருநாள் ஓட்டம் அதில் ஏறக்குறைய அடங்கிவிடும். எந்த மாடியிலும் டீசல் கிணறு தோண்ட முடியாது. கிணறு தோண்டுவதற்கு எதிராகத்தானே 2017-ல் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் மக்கள் உட்கார்ந்தார்கள்!

இடையிலே ஒரு சமரசம்

"டீசலும் வேண்டாம், முழு மின்சாரமும் பயமா இருக்கு, நடுவுல ஒண்ணு இல்லையா?" இருக்கிறது. பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. பேட்டரியில் 40, 50 கிலோமீட்டர் ஓடும், தீர்ந்ததும் எஞ்சின் கை கொடுக்கும். சீனாவின் பி.ஒய்.டி. 2008-லும், அமெரிக்காவில் செவர்லே வோல்ட் 2010-லும் இதைத் தொடங்கி வைத்தன.

காகிதத்தில் பார்த்தால் காரைக்காலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை! ஊருக்குள் முழுக்கக் கரண்ட், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோ போனால் பெட்ரோல். ஆனால் இரண்டு சிக்கல். முதலாவது, நம் நாட்டில் இது பி.எம்.டபிள்யூ., ரேஞ்ச் ரோவர் போன்ற கோடீஸ்வரர் வண்டிகளில்தான் கிடைக்கிறது. வரியும் மின்சாரக் காருக்கு உள்ள 5 சதவீதம் அல்ல. ஷோரூமில் 'ஹைபிரிட்' என்று காட்டும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றில் சார்ஜ் போட ஓட்டையே கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது சிக்கல் மனித மனம். ஐரோப்பிய கமிஷன் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ரோட்டில் விடும் கார்பன், சோதனைக்கூடக் கணக்கைப் போல் சராசரியாக 3.5 மடங்கு என்று தெரியவந்தது. காரணம்? சொருக வேண்டியவர்கள் ஒழுங்காகச் சொருகவில்லை! பெட்ரோல்தான் இருக்கிறதே என்ற சோம்பல். பிளக்கைச் சொருகாதவனுக்குப் பிளக்-இன் கார், பாரம் கூடிய பெட்ரோல் கார்தான்.

எதிர்க்கட்சியின் வாதம்

திருநள்ளாறில் வாடகைக் கார் ஓட்டும் என் மாமாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். சிரித்தார்.

"மாப்ளே, சனிக்கிழமை வர்ற பார்ட்டி சனீஸ்வரனை மட்டுமா பாக்குது? ஆலங்குடி, கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடுன்னு நவக்கிரகம் ஒம்போதையும் ஒரே நாள்ல சுத்தணுங்குது. எறநூறு கிலோமீட்டர் தாண்டும். நடுவுல சார்ஜ் போட்டுக்கிட்டு உக்காந்தா கோயில் நடை சாத்திடுவாங்க. ஒங்க கணக்குல நடை சாத்துற நேரம் இருக்கா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதுதான் இந்த விஷயத்தின் விசித்திரம். அதிகம் ஓட்டுகிறவனுக்குத்தான் மின்சாரத்தால் மிச்சம் அதிகம். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடினால் 90,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அவனுக்குத்தான் நின்று சார்ஜ் போட நேரமில்லை. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் 30 யூனிட் பேட்டரி நிறைய 9, 10 மணி நேரம் ஆகும். ராத்திரி தூங்கும் வீட்டு வண்டிக்கு அது போதும். விடிய விடிய ஓடும் டாக்சிக்குப் போதாது. ஆகவே நெடுந்தூரம் ஓடும் வாடகை வண்டிக்கும், லாரிக்கும், டிராக்டருக்கும், விசைப்படகுக்கும் டீசல் இன்னும் தேவைதான். அங்கே எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடுகிறது. நான் மறுப்பது பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் டீசல் கார் எடுப்பதைத்தான்.

புயல் வந்தால்? நல்ல கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜாவை இந்தக் கடற்கரையில் யார் மறப்பார்? பக்கத்து நாகை மாவட்டத்தில் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மின்சாரக் கார் மட்டுமே உள்ள வீடு அப்போது என்ன செய்யும்? பங்க்கிலும் கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது, ஆனால் அவனிடம் ஜெனரேட்டர் இருக்கும் (அதுவும் டீசல்தான்!). ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை நிரப்பிவிட வேண்டும். தினம் 25 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு வாரம் தாங்கும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது உப்புத் தண்ணீர். மழைவெள்ளம் வேறு, கடல் தண்ணீர் வேறு. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பின் தீப்பிடித்தன. உப்பு உள்ளே இறங்கி பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்கியூட் ஆனதே காரணம். கடலோரக் குப்பத்து நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அலை ஏறும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். மூழ்கிய வண்டியை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள்.

நம் பிழைப்பு என்னாவது?

இனி நம் வயிற்றுக்கு வருவோம். மெக்கானிக்கல் நண்பர்கள் மனதில் உள்ள பயம் எனக்கும் உண்டு. டீசல் பம்ப், நாசில், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் என்று நாம் படிப்பதில் பாதி மின்சாரக் காரில் இல்லை. டீசல் பம்ப் டெஸ்ட் செய்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த பட்டறைக்காரர்கள் நம் டெல்டாவில் எத்தனை பேர்! அவர்களிடம் போய் "உங்கள் காலம் முடிந்தது" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. உண்மையும் அல்ல. ரோட்டில் இருக்கும் டீசல் வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும்.

ஆனால் நாம் இருபது வயதுக்காரர்கள். நம் வேலைக்காலம் இனி நாற்பது வருடம். கோவையிலும் சாலக்குடியிலும் செய்து 1993-ல் 'லவ்பேர்ட்' என்ற மின்சாரக் கார் வந்து சில வண்டிகளோடு நின்றுபோனது. 2001-ல் பெங்களூரின் 'ரேவா' வந்தது, பெரிதாக எடுபடவில்லை. இரண்டிலும் காரீய பேட்டரி. பாரம் அதிகம், ஓட்டம் குறைவு. லித்தியம் வந்தபின் கதை மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் மின்சாரக் கிரெட்டா 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்டது. இன்டர்வியூவுக்குப் போகும்போது "நாசில் பிரஷர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள் என்று எண்ணாதீர்கள்.

மின்சாரக் காரிலும் பிரேக், சஸ்பென்ஷன், பேரிங், ஏ.சி., பேட்டரியைக் குளிர்விக்கும் குழாய்கள் எல்லாம் உண்டு. நம்ம உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பாடியும் உண்டு! அதோடு 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரமும் உண்டு. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும். டி.சி. தொடாது. ஆகவே அதன் தீப்பொறி தானாக அணையாது. இது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக்கல் படித்தவனுக்கு எலெக்ட்ரிகலும், எலெக்ட்ரிகல் படித்தவனுக்குப் பேரிங்கும் தெரிந்தாக வேண்டிய காலம் இது. எங்கள் பிளாக், உங்கள் பிளாக் என்று கேன்டீனில் தனித்தனி மேசையில் உட்காரும் வழக்கத்தை நாம்தான் உடைக்க வேண்டும்!

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு கணக்கு விடுகிறேன். தெருவுக்கு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். ராத்திரி பத்து மணிக்கு முப்பது வீட்டில் 3.3 கிலோவாட் வீதம் சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? டி.வி., ஏ.சி., ஃபேன் எல்லாம் அதற்கு மேல்! இதற்கு விடை கண்டுபிடிப்பவனுக்கு நம்ம ஊரிலேயே வேலை காத்திருக்கிறது.

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். வெட்டி வைத்த டீசல் எஞ்சின் லேபில் இருக்கட்டும், அது நமக்குக் குரு. அதன் பக்கத்தில் ஒரு பழைய மின்சார வண்டியின் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பிரித்து வைக்கக் கேட்போம். முழுக் கார் முடியாவிட்டால் ஒரு ஸ்கூட்டராவது போதும்.

ஊரில் கேள்வி கேட்பவர்களுக்கு இனி இப்படிப் பதில் சொல்லுங்கள்: "அண்ணே, முதல்ல ஒரு மாசம் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுறீங்கன்னு நோட்ல எழுதுங்க. வீட்ல ஷெட்டும் எர்த்தோட 15 ஆம்பியர் பிளக்கும் இருக்கான்னு பாருங்க. தினம் இருபது, முப்பது ஓடினா, ராத்திரி வண்டி வீட்ல நின்னா, கரண்ட்டு வண்டி எடுங்க. தினம் நூத்துக்கு மேல வெளியூர் ஓடினா டீசல் எடுங்க. பங்க்ல வெலை கம்மின்னு மட்டும் டீசல் எடுக்காதீங்க."

டீசல் விலை நாளை மாறும், வரி மாறும், பேட்டரி விலையும் மாறும். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு என்றைக்கும் 5 கிலோமீட்டர்தான். அதை அளந்து பார்த்து வண்டி எடுப்போம் நண்பர்களே!